நீண்ட இரவும் குறுகிய குடலும்

ஃபெரெட்டின் வாய்க்குள் சென்ற உணவு எச்சமாக வெளியேற 3 முதல் 4 மணி நேரமே ஆகும். வடக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷர் பகுதியிலோ, டிசம்பர் பிற்பகுதியில் மாலை 4 மணிக்கு முன்பே மறையும் சூரியன் மறுநாள் காலை 8 மணி கடந்த பிறகே எழுவதால், இரவு 16 மணி நேரத்துக்கும் மேல் நீள்கிறது. அந்த ஓர் இரவுக்குள் அவ்விலங்கின் குடல் நான்கு முறையாவது காலியாகிவிடும். பனிக்காலத்தில் ஃபெரெட்டுக்குத் தீனியிடுவதில் உள்ள சிக்கல் பெரும்பாலும் இந்த இரு கணக்குகளுக்கு இடையில்தான் கிடக்கிறது. எவ்வளவு கொடுப்பது என்று கேட்பவர்கள் பலர். கொடுத்தது விடியும்வரை தின்னும் நிலையில் இருக்குமா என்று கேட்பவர்கள் குறைவு. திறந்தவெளிக் கூண்டுகளில் இவ்விலங்கைப் பேணுவோர் ஒவ்வோர் உறைபனி இரவிலும் கேட்டுக்கொள்ள வேண்டியது இரண்டாவது கேள்வியையே.

கீரியைப் போல நீண்டு மெலிந்த உடலும் குட்டைக் கால்களும் கொண்ட ஃபெரெட், ஐரோப்பாவில் வாழும் போல்கேட் என்ற காட்டு விலங்கிலிருந்து பழக்கி எடுக்கப்பட்ட வளர்ப்பினம். தோற்றம் கீரியை நினைவூட்டினாலும் உறவில் கீரி தொலைவானது. மஸ்டெலிடே என்ற குடும்பத்தில் ஃபெரெட்டுடன் சேர்த்து வைக்கப்படுவது தமிழர் அறிந்த நீர்நாய்தான். ஸ்பெயினில் முயல் வளைகளுக்குள் வாய்ப்பூட்டு இட்டு அனுப்பப்பட்ட சிறு ஊனுண்ணிகளைப் பற்றிக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருப்பதைக் கொண்டு, இவ்விலங்கின் பணி 2000 ஆண்டுகளுக்குக் குறையாத பழமை உடையது என்று கருதப்படுகிறது. இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் இன்றும் அது முயல் பிடிக்கும் துணைவனாகவும் வீட்டுச் செல்லமாகவும் ஒருசேர வாழ்கிறது. ஆணை ஹாப் என்றும் பெண்ணை ஜில் என்றும் குட்டியைக் கிட் என்றும் அங்கே வழங்குவர். ஜில் ஒரு கிலோவை எட்டுவது அரிது. ஹாப் அதைப்போல இருமடங்கு எடைவரை வளரும்.

ஃபெரெட் கட்டாய ஊனுண்ணி, அதாவது விலங்குப் புரதத்தையும் கொழுப்பையும் கொண்டு மட்டுமே உயிர்வாழும்படி அமைந்த உடலை உடையது. தாவர நாரை நொதிக்க வைக்கும் குருட்டுக்குடல் என்ற பை அதற்கு இல்லை, சிறுகுடலும் குட்டையானது. ஆகவே மாச்சத்தும் நாரும் அதன் உடலில் பெரும்பாலும் பயன்படாமலே கடந்து போகின்றன. உலர்நிலையில் கணக்கிட்டால் தீனியில் 30 முதல் 40 விழுக்காடு விலங்குப் புரதமும் 15 முதல் 20 விழுக்காடு கொழுப்பும் இருக்க வேண்டும் என்பதும், நார் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதும் கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவுகள். வயிறு சிறியது, குடல் விரைவானது என்பதால் ஒரே வேளையில் நிறையத் தின்று நாள் முழுதும் தாங்குவது அதற்கு இயலாது. எந்நேரமும் தீனி கிடைத்தால் அது ஒரு நாளில் ஏழு முதல் பத்து முறை சிறிது சிறிதாகத் தின்னும். காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை என்ற நாய்வளர்ப்பு வழக்கத்தை இதன்மேல் ஏற்றியவர்கள் கோடையில் தப்பித்துக்கொள்ளலாம், பனிக்காலத்தில் முடியாது.

பனிக்காலத் தீனி பனிக்காலத்தில் தொடங்குவதில்லை. பகல் சுருங்கச் சுருங்க, இருளில் சுரக்கும் மெலடோனின் என்ற இயக்குநீர் ஃபெரெட்டின் உடலில் கூடுதலான நேரம் சுரந்து, அடர்ந்த உள்மயிர் முளைக்கவும் தோலுக்கடியில் கொழுப்பு சேரவும் தூண்டுகிறது. செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான காலத்தில் சில விலங்குகளின் எடை 30 முதல் 40 விழுக்காடு வரை கூடிவிடுவது உண்டு. இனப்பெருக்க உறுப்பு நீக்கப்பட்டவற்றில் இவ்வேற்றம் சற்றுக் குறைவு. புதிதாக வளர்ப்பவர், தன் ஹாப் பேரிக்காயைப் போலக் கீழ்ப்பகுதி பருத்துவிட்டதைக் கண்டு அஞ்சித் தீனியைக் குறைப்பது இந்த வேளையில்தான். அது பெரும் பிழை. விலங்கின் உடல் ஒளியைப் பார்த்து எடுத்த முடிவை வளர்ப்பவர் தராசைப் பார்த்து மாற்ற முயலக் கூடாது. தராசைவிட விரலே நம்பத்தக்கது: முதுகெலும்பின் மேல் பெருவிரலை மெல்ல ஓட்டும்போது கணுக்கள் ஒவ்வொன்றும் மெத்தென்ற உறைக்கடியில் உணரப்பட வேண்டும், அவை கூர்மையாகத் தட்டுப்பட்டால் கொழுப்பு போதவில்லை, தேடியும் கிடைக்காவிட்டால் மிகுந்துவிட்டது. நவம்பர் இறுதியில் இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருக்கும் ஃபெரெட்டைக் குளிரில் வெளிக்கூண்டில் விடுவதைவிட உள்ளே எடுத்து வைப்பதே அறம்.

இங்கிலாந்தின் பழைய வழக்கம், பாலில் ஊறவைத்த ரொட்டியை ஃபெரெட்டுக்கு அன்றாடத் தீனியாகக் கொடுப்பது. மலிவு என்பதாலும், இறைச்சி தின்ற ஃபெரெட் முயலைக் கொன்றுவிடும் என்ற நம்பிக்கையாலும் அவ்வழக்கம் தலைமுறைகளாக நீடித்தது. பாலிலுள்ள லாக்டோசைச் செரிக்க முடியாத விலங்கு கழிச்சலுக்கு உள்ளாயிற்று; ரொட்டியின் மாச்சத்தோ குடலை நிரப்பியதே தவிர உடலைச் சூடாக்கவில்லை. பனி உறையும் இரவில் பால்ரொட்டிக் கிண்ணத்தை வைப்பது, அடுப்பில் ஈரவிறகை அடுக்குவதற்கு ஒப்பானது. ஒரு கிராம் புரதம் ஏறத்தாழ 4 கிலோகலோரி ஆற்றல் தர, ஒரு கிராம் கொழுப்பு 9 தருகிறது என்ற எளிய கணக்கே பனிக்காலத் தீனியின் அடிப்படை. வயிற்றின் கொள்ளளவு மாறாதபோது ஆற்றல் தேவை மட்டும் ஏறுமானால், அதே கவளத்துக்குள் கொழுப்பைக் கூட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

இவ்விடத்தில் முயல் இறைச்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முழு முயல், எலும்பும் ஈரலும் இதயமும் தோலும் சேர்ந்த நிலையில், ஃபெரெட்டுக்கு ஏறத்தாழ நிறைவான உணவு. எலும்பு சுண்ணாம்புச் சத்தைத் தருகிறது, மயிர் பல்லையும் குடலையும் தூய்மையாக்குகிறது. எலும்பில்லாத வெறுஞ்சதையை மட்டும் தின்று வளரும் குட்டிகளின் எலும்பு மெலிந்து வளைவதைக் கண்டவர்கள் முழு இரையின் மதிப்பை மறக்க மாட்டார்கள். ஆனால் காட்டுமுயல் இயல்பாகவே கொழுப்புக் குறைந்தது. புல் கருகிய ஜனவரியில் பிடிபடும் முயலின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள வெண்கொழுப்புப் படலமும் கரைந்து, சிவந்த சதை மட்டுமே எஞ்சியிருக்கும். ஃபெரெட்டுக்கு ஆற்றல் மிகத் தேவைப்படும் மாதத்தில்தான் அதன் மரபான இரையில் ஆற்றல் மிகக் குறைந்திருக்கிறது. எனவே முயலை மட்டும் நம்பாமல் கோழித்தோல், ஆட்டு இதயம், கொழுப்போடு கூடிய கோழிக்கழுத்து ஆகியவற்றைச் சேர்ப்பதும், சில துளி சால்மன் மீனெண்ணெயைத் தீனியில் கலப்பதும் நல்ல வழக்கம். ஈரல் வாரத்துக்கு ஓரிரு முறை போதும். அன்றாடம் கொடுத்தால் வைட்டமின் ஏ உடலில் தேங்கி நஞ்சாகும். கோழிப் பண்ணைகளில் கழிக்கப்பட்டு உறைந்த நிலையில் விற்கப்படும் ஒருநாள் சேவற்குஞ்சுகளை ஃபெரெட் விரும்பித் தின்னும். ஆயினும் அவற்றின் எலும்பு இன்னும் முற்றாதது என்பதால் அவை மட்டுமே தீனியாகிவிடக் கூடாது. துப்பாக்கியால் சுடப்பட்ட முயலில் ஈயக்குண்டின் துணுக்கு இருக்கக்கூடும் என்பதையும், ஈரலில் வெண்புள்ளி கண்ட முயல் நோயுற்றது என்பதையும் தொழில் அறிந்தோர் தோலுரிக்கும்போதே பார்த்துவிடுவர்.

1953இல் கென்ட் பகுதியில் நுழைந்த மிக்சமடோசிஸ் என்ற நச்சுயிரி நோய் பிரிட்டனின் முயல்களை மிகப் பெருமளவில் அழித்தபோது, முயலை நம்பியிருந்த வளர்ப்போர் கடைத் தீனியின் பக்கம் திரும்ப வேண்டியதாயிற்று. இன்று பைகளில் கிடைக்கும் உலர் தீவன உருண்டைகளைத் தூய ஊன்பற்றாளர்கள் சிலர் இழிவாகப் பேசுவது உண்டு. அப்பேச்சு முழுதும் நியாயமன்று. ஃபெரெட்டுக்கென்றே தயாரிக்கப்பட்டு, உட்பொருள் பட்டியலில் தானியம் அல்லாமல் இறைச்சி முதலில் நிற்கும் உருண்டைக்கு, பனிக்காலத்தில் ஓர் அரிய தகுதி உண்டு: அது உறைவதில்லை. பச்சை இறைச்சியோ கடுங்குளிரில் சில மணி நேரத்தில் கல்லாகிவிடும். மணத்தை நம்பித் தின்னும் விலங்குக்கு மணமற்ற அக்கல் உணவே அன்று. பல்லால் சுரண்டித் தின்றாலும் அதைக் கரைத்துச் சூடாக்க உடல் தன் வெப்பத்தையே செலவிட நேரும். ஆகவே அந்தியில் இறைச்சி, இரவுக்குத் துணையாக உருண்டை என்ற இணைப்பு யார்க்‌ஷர் குளிருக்குப் பொருத்தமானது. ஆனால் இந்த இணைப்பைக் குட்டிப்பருவத்திலேயே பழக்கியிருக்க வேண்டும். முதல் ஆறு மாதங்களுக்குள் அறிமுகமாகாத மணத்தைப் பெரும்பாலான ஃபெரெட்டுகள் பின்னர் உணவாக ஏற்பதில்லை. குளிர் கடுமையாகிவிட்ட நாளில் புதுத் தீனியை வைத்து, பசித்தால் தின்னும் என்று காத்திருப்பவர் அவ்விலங்கைப் பட்டினிக்கு விடுகிறார்.

உறைபெட்டியிலிருந்து எடுத்த இறைச்சியை முந்தின இரவே குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றி மெல்ல இளகவிட்டு, கொடுப்பதற்கு முன் இறுகக் கட்டிய பையோடு வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்தெடுத்தால் அது புதிய இரையின் சூட்டையும் மணத்தையும் பெறும். மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கலாகாது. ஓரம் வெந்து நடு உறைந்தே இருப்பதோடு, வெந்த எலும்பு ஊசிபோல உடைந்து குடலைக் கிழிக்கும்.

தீனியை எங்கே வைப்பது என்பதில்தான் இத்தொழிலின் நுட்பம் மிகுதியும் இருக்கிறது. ஃபெரெட் தின்றதுபோக எஞ்சியதை இழுத்துச் சென்று தன் படுக்கையில் ஒளித்து வைக்கும் இயல்புடையது. கோடையில் அப்பதுக்கலில் ஈ முட்டையிடும் என்பதால் வளர்ப்போர் அதை நாள்தோறும் தேடி அகற்றுவர். பனிக்காலத்தில் அதே இயல்பு உதவியாகிறது: உறங்கும் பெட்டிக்குள், மூன்று நான்கு உடல்களின் சூட்டில், கோழிக்கழுத்து ஒன்று நள்ளிரவுவரை உறையாமல் கிடக்கும், பசித்த விலங்கு காற்றில் வெளிவராமலே தின்றுகொள்ளும். இதைக் கண்டு பதுக்கலை அப்படியே விட்டுவிடலாம் என்று நினைத்தால் அங்கே வேறோர் ஆபத்து காத்திருக்கிறது. இறைச்சியிலிருந்து கசியும் நீரும் குருதியும் வைக்கோலை நனைக்கின்றன. ஃபெரெட் உலர்ந்த குளிரை எளிதில் தாங்கும்; ஈரமான குளிரைத் தாங்காது. ஆகவே பதுக்கலை இரவில் அனுமதித்து, காலையில் பெட்டியைத் திறந்து வைக்கோலைக் கைப்பிடி கைப்பிடியாகப் பிரித்து, உள்ளங்கையில் ஈரம் தட்டும் பகுதியை எல்லாம் களைந்து, உலர்ந்த பார்லி வைக்கோலை நிறையத் திணிப்பது நாள் தவறாத வேலையாகிவிடுகிறது. எஞ்சிய தீனியின் அளவே முந்தின இரவின் கணக்கேடு என்பதால் இவ்வேலையை வேறொருவரிடம் விடாமல் தீனியிடுபவரே செய்வது நல்லது. கழிவும் அப்போதே பார்க்கப்படும்: பச்சையாகக் கொழகொழத்திருந்தால் குடலில் உணவின்றிப் பித்தம் மட்டும் இறங்கியிருக்கலாம், தினை தூவியதுபோல மணிமணியாக இருந்தால் தின்றது செரிக்கவில்லை, தார்போலக் கறுத்திருந்தால் இரைப்பையில் புண்ணும் குருதிக்கசிவும் இருக்கலாம் என்பதால் அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

தீனியைவிட முன்னதாக உறைவது நீர். கூண்டின் கம்பியில் தலைகீழாக மாட்டப்படும் நீர்ப்புட்டியின் முனைக்குழாயில் சிறிய உலோகக்குண்டு ஒன்று இருக்கும். நாக்கு அதைத் தள்ளும்போது நீர் சொட்டும். உறைபனியில் முதலில் இறுகுவது அக்குண்டுதான். இக்கட்டுரையாளர் பல ஆண்டுகள் பணிசெய்த ஒரு சிறு காப்பகத்தில், ஜனவரி மாதத்தின் ஒரு வாரம், புட்டிகள் நிறைந்தே இருப்பதைக் கண்டு நீர் போதுமானது என்று குறித்துக்கொண்டே போனார். இரண்டாம் நாள் உலர் உருண்டைக் கிண்ணமும் தொடப்படாமல் இருந்தது. பசியின்மை என்று எண்ணிப் புதிய உருண்டையை இட்டார். மூன்றாம் நாள் காலையில், வெளிர் மயிருடைய மூத்த ஜில் ஒன்று பின்னங்கால்களை இழுத்தபடி பெட்டியின் வாயிலில் கிடந்தது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டபோது அது கூடாரம்போல நின்று, மெல்லவே தணிந்தது. புட்டி நிறைந்திருந்ததற்குக் காரணம் நீர் இருந்தது அன்று, யாராலும் குடிக்க முடியாமல் போனதே. உலர் உருண்டையில் ஈரம் பத்து விழுக்காடு அளவே உண்டு. நீரில்லாத ஃபெரெட் அதைத் தின்ன மறுப்பது தன்னைக் காத்துக்கொள்ளவே. அந்த ஜில் மருத்துவர் கையில் தோலுக்கடியில் நீரேற்றப்பட்டுப் பிழைத்தது. பிழை தம்முடையதே என்பதை அவர் அன்று மறைக்கவில்லை. அதன்பின் ஒவ்வொரு புட்டியின் குண்டையும் விரல்நுனியால் தள்ளி, ஒரு துளி விரலில் விழுந்ததைக் கண்ட பிறகே அடுத்த கூண்டுக்கு நகர்வது அக்காப்பகத்தின் வழக்கமாயிற்று.

நாளொன்றுக்கு 75 முதல் 100 மில்லி லிட்டர் வரை நீர் குடிக்கும் விலங்குக்கு, பனிநாளில் அகன்ற கனமான கிண்ணமே புட்டியைவிட நல்லது. தடித்த ரப்பர் கிண்ணமாயின் கவிழ்த்து மிதித்தால் பனிக்கட்டி வட்டமாகக் கழன்று விழும். மண்கிண்ணம் விரிசல் விடும். வெதுவெதுப்பான நீரை நாளுக்கு மூன்று நான்கு முறை மாற்றுவதற்கு மாற்று எதுவும் இல்லை. உறையாதிருக்கச் சர்க்கரையோ உப்போ கலப்பது விலங்குக்குக் கேடு. வாகனங்களில் ஊற்றும் உறைதடுப்பு நீர்மம் இனிப்புச் சுவையுடையது, சிறிதளவே சிறுநீரகத்தை அழித்துவிடும் என்பதால், அதன் கலன் தீனிக் கொட்டகையின் பக்கமே வரக் கூடாது.

முயல் வளைகளைச் சுற்றியுள்ள செடிகொடிகள் உறைபனியில் பட்டு விழுந்த பிறகே வேட்டை தொடங்குகிறது என்பதால், வேலை செய்யும் ஃபெரெட்டுக்குப் பனிக்காலமே உழைப்புக்காலம். பட்டினி போட்டால் ஊக்கத்தோடு வேட்டையாடும் என்ற பழைய எண்ணம் இன்னும் சிலரிடம் உண்டு. பசித்த ஃபெரெட் முயலை வெளியே விரட்டுவதில்லை. வளைக்குள்ளேயே கொன்று, வயிறார உண்டு, அதன்மேல் சுருண்டு உறங்கிவிடுகிறது. அதைத் தோண்டி எடுக்க உறைந்த மண்ணில் அந்திவரை மண்வெட்டி வீச நேரும். வயிறு புடைக்கத் தின்றதும் வேறு வகையில் உறங்கும். புறப்படுவதற்கு இரண்டொரு மணி நேரம் முன்பு வழக்கமான வேளையில் பாதியளவு சூடான இறைச்சி, நடுவே பிடிபட்ட முயலின் இதயமோ ஈரல் துண்டோ, திரும்பியதும் துவாலையால் காதிடுக்கும் விரலிடுக்கும் உலரத் துடைத்துவிட்டு வயிறார ஒரு வேளை என்பது நெடுநாள் அனுபவத்தில் தேறிய முறை. துடைப்பது முதலில், தீனி பிறகு என்ற வரிசை மாறக் கூடாது. நனைந்த விலங்கு தின்றுவிட்டு அப்படியே படுக்கைக்குள் புகுந்தால் படுக்கை முழுதும் ஈரமாகிவிடும்.

வீட்டுக்குள், வெப்பமூட்டிய அறையில், நள்ளிரவுவரை விளக்கொளியில் வாழும் ஃபெரெட்டின் நிலை வேறு. அதற்குக் குளிரும் இல்லை, நீண்ட இருளும் இல்லை. வெளிக்கூண்டு விலங்குக்குரிய கொழுப்பை அதற்கும் ஊட்டினால் பருமன்தான் மிஞ்சும். அந்தி சாய்ந்ததும் அதன் கூண்டை இருண்ட அறைக்கு மாற்றிப் பருவத்தின் இருளை உணரவிடுவது நல்லது. முதிய ஃபெரெட்டுகளிடம் பரவலாகக் காணப்படும் இன்சுலினோமா, அதாவது கணையத்தில் தோன்றி இன்சுலினை மிகையாகச் சுரக்கும் கட்டி, நீண்ட இரவுகளில் மேலும் அச்சம் தருவது. தீனியின்றிச் சில மணி நேரம் கழிந்தாலே குருதியில் சர்க்கரை சரிந்து, எச்சில் வடித்து, வாயை நகத்தால் பிறாண்டி, நினைவிழந்து விழும். அந்நேரத்தில் ஈறில் சிறிது தேனைத் தடவிவிட்டு மருத்துவரிடம் விரைய வேண்டும். தேனை அன்றாடத் தீனியாக்கினால் நோய் முற்றும். அத்தகைய முதியவற்றுக்கு நள்ளிரவில் எழுந்து வெதுவெதுப்பான இறைச்சிக் கூழைக் கிண்ணத்திலோ விரலிலோ ஊட்டுவோர் உண்டு. அந்தப் பொறுமைக்கு எந்தக் கடையிலும் மாற்றுப் பொருள் கிடைக்காது.

மனிதரின் இன்ஃபுளுவென்சா ஃபெரெட்டுக்குத் தொற்றும் என்பதை 1933இல் லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டஃபர் ஆண்ட்ரூஸ், பாட்ரிக் லெய்ட்லா ஆகிய மூவரும் மெய்ப்பித்தனர். தும்மலோடும் காய்ச்சலோடும் தீனியிட வருபவர் அந்த வாரம் முழுவதும் கூண்டிலிருந்து விலகியிருப்பதே முறை; மூக்கடைத்த ஃபெரெட் மணம் அறியாது, மணம் அறியாதது தின்னாது. பறவைக் காய்ச்சல் பரவும் பனிக்காலங்களில் பச்சைக் கோழி இறைச்சியின் மூலத்தை உறுதிசெய்துகொள்ள வேண்டும். உறைபெட்டியின் குளிர் அந்த நச்சுயிரியைக் கொல்வதில்லை.

பிப்ரவரியில் பகல் நீண்டுவருவது தெரியத் தொடங்கியதும், இன்னும் பனி பெய்துகொண்டிருக்கும்போதே, ஃபெரெட்டுகள் கிண்ணத்தில் தீனியை மிச்சம் வைக்கத் தொடங்குகின்றன. மார்ச்சில் வால் மயிர் மெலிந்து, வைக்கோலில் கற்றை கற்றையாக உள்மயிர் உதிர்ந்து கிடக்கும். இலையுதிர்காலத்தில் ஏறிய எடை சில வாரங்களில் இறங்கும். அதையும் நோய் என்று எண்ணி ஊட்ட வேண்டியதில்லை. முதுகெலும்பின்மேல் விரல் ஓட்டிப் பார்த்து, கணுக்கள் மெத்தென்றே இருந்தால், கோழித்தோலையும் மீனெண்ணெயையும் முதலில் நிறுத்தி, பின்னர் இரவுத் தீனியைக் குறைத்துவரலாம். இரவும் பகலும் சமமாகும் நாளை ஒட்டிப் பனிக்காலக் கூடுதல் தீனி நின்றுவிடும். பதுக்கலில் முதல் ஈயைக் கண்ட காலையிலிருந்து பெட்டிக்குள் இறைச்சி விடப்படுவதில்லை.